வீட்டைப் படமெடுக்கும் முன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் பக்கம் விற்பனைக்கு வரும் டெரஸ் வீடுகளில் பல, தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் முதன்முதலாகத் தங்கள் பெயரில் கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) எடுத்த வீடுகள். தோட்டத்து லயத்து வீடு என்றும் தோட்ட நிர்வாகத்துக்குத்தான் சொந்தம்; வேலை போனால் வீடும் போகும். 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவைக் கண்ட தென்னமரம் தோட்டத்திலும் நிலைமை அதுதான். பால் வெட்டியும் குலை அறுத்தும் சேர்த்த காசில் வாங்கிய வீடு, இருட்டான, கோணலான நான்கு படங்களோடு இணையத்தில் விலை பேசப்படுவதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. காசு இல்லாததால் படம் கெடுவதில்லை. சில தவறான நம்பிக்கைகளால்தான் கெடுகிறது.

நம்பிக்கை: உச்சி வெயிலில் எடுத்தால் வீடு பளிச்சென்று தெரியும்.

இதுதான் அதிகம் கெடுக்கிறது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அதையும் சேர்த்து, கோலசிலாங்கூரில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் பன்னிரண்டுக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. அந்த நேரத்தில் கூரையின் நிழல் நேராகப் போர்ச்சில் விழும். முற்றம் வெளுத்து, வாசல் கறுத்துப் போகும். கிழக்குப் பார்த்த வீட்டைக் காலை எட்டரையிலிருந்து பத்துக்குள் எடுங்கள். மேற்குப் பார்த்ததை மாலை ஐந்துக்குமேல், மழை விட்டால். வடக்குப் பார்த்த வீட்டுக்கு ஆண்டின் நடுப்பகுதி நல்லது. நாம் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே மட்டும் இருப்பதால், மே முதல் ஜூலை வரை சூரியன் வடக்கே சாய்ந்து வாசலிலேயே வெளிச்சம் தரும். தெற்குப் பார்த்த வீட்டுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரை. அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் வெள்ளை மேகம் மூடிய நாளைப் பிடித்துக்கொள்ளலாம். நிழல் கடுமையாக விழாது.

நம்பிக்கை: உள்ளே எல்லா விளக்கையும் போட வேண்டும்.

வெள்ளைக் குழல்விளக்கும் மஞ்சள் பல்பும் சேர்ந்தால் ஒரே சுவர் பாதி நீலமாகவும் பாதி பழுப்பாகவும் தெரியும். ஒரே நிற விளக்கை மட்டும் போடுங்கள், அல்லது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திரைச்சீலையை விலக்குங்கள். நாக்கோ கண்ணாடி உள்ள சன்னலாக இருந்தால் ஒவ்வொரு கண்ணாடியின் விளிம்பையும் துடையுங்கள். எதிர்வெளிச்சத்தில் அங்கே படிந்த தூசி வெள்ளைக் கோடுகளாக நிற்கும். கைப்பேசியின் லென்ஸையும் துடைக்க மறக்காதீர்கள். விரல் எண்ணெய் பட்டால் படம் முழுவதும் புகை மூட்டமாக இருக்கும்.

நம்பிக்கை: கைப்பேசியின் 0.5 அகலக்கோண லென்ஸில் எடுத்தால் அறை பெரிதாகத் தெரியும், விலை கூடும்.

தெரியும்தான். ஆனால் ஓரத்தில் நிற்கும் ஐஸ்பெட்டி அலமாரி அகலத்துக்கு விரிந்தும் தெரியும். நிலத்தின் அளவு கிராண்டிலேயே இருக்கிறது. வாங்க வருபவர் வாசலில் கால் வைத்ததுமே ஏமாற்றம் முகத்தில் ஏறும். அறை மூலையில் நின்று, கைப்பேசியை நெஞ்சு உயரத்தில், மேலும் கீழும் சாய்க்காமல் பிடித்தால் போதும். சாய்த்தால் சுவர்கள் விழப்போவதுபோல் தெரியும்.

நம்பிக்கை: சாமி மேடையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்ற இனத்தார் வாங்கமாட்டார்கள்.

இதைச் சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. கேட்டுக்கொண்டு சாமி படங்களை அட்டைப்பெட்டியில் போட்டு ஸ்டோருக்குள் வைக்கும் தாய்மார்களும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. வாங்குபவரை உறுத்துவது சாமி படம் அல்ல. விளக்குக்கு மேலே சுவரில் ஏறிய கரிப்புகை, டைல்ஸில் வழிந்து பிசுபிசுத்த எண்ணெய், வெள்ளிக்கிழமை போட்டுக் காய்ந்துபோன மாலை, மூன்று வருடத்துப் பழைய நாட்காட்டி, இவைதான். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேயுங்கள். கரி போகாத இடத்துக்கு மட்டும் ஒரு பூச்சு அடியுங்கள். மேடை தன் இடத்தில் இருக்கட்டும். நெருங்கிப் படமெடுக்காமல் கூடத்தோடு சேர்த்து எடுத்தால் போதும். எடுத்து வைக்க வேண்டியவை வேறு: பிள்ளைகளின் பெயர் போட்ட சான்றிதழ்கள், திருமணப் படம், சாவிக்கொத்து, மேசைமேல் கிடக்கும் பில்கள், போர்ச்சில் நிற்கும் காரின் எண்.

நம்பிக்கை: விரிசலையும் நீர்க்கறையையும் படத்தில் திருத்திவிடலாம்.

கோலசிலாங்கூர் கரையோரம் இளகிய களிமண்; ராஜா மூசா பக்கம் கரிச் சதுப்பு. பின்னால் நீட்டிக் கட்டிய அடுப்படியும் போர்ச் தளமும் தனியாக இறங்கி, பழைய சுவரை ஒட்டி வெடிப்பு விடுவது இங்கே சாதாரணம். அதைப் படத்தில் அழித்தாலும், கடன் தரும் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்ப்பார், தானே படமும் எடுப்பார். கடன் அவர் போடும் மதிப்பைப் பொறுத்தது. ஒழுகும் கூரையை முதலில் சரிசெய்து, பிறகு கறையின்மேல் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் இருக்கிறது என்று விளம்பரத்திலேயே சொல்லுங்கள். பேரம் பேசும் நாளில் அது உங்களுக்கு எதிராக வராது.

நம்பிக்கை: ஏஜெண்ட் வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்.

வீட்டு முகவர் தொழில் 1981-ஆம் ஆண்டின் 242-ஆம் சட்டத்தின்கீழ் வருவது. வருபவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆனால் அவர் உங்கள் துணிக்கொடியை அவிழ்க்கமாட்டார், கேஸ் தோம்பை நகர்த்தமாட்டார். அதெல்லாம் முதல் நாளே நடக்க வேண்டிய வேலை. குப்பை லோரி எந்தக் காலையில் வருகிறது என்று பார்த்து அதற்குப் பிறகு நேரம் குறியுங்கள். அப்போது வாசலில் குப்பைத் தொட்டி இருக்காது.