டிரில் வாங்கும் முன் ஜன்னலுக்கு மேலே பாருங்கள்

கடையில் பேட்டரி டிரில்லைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஒயர் தொல்லை கிடையாது, பார்க்கவும் அழகு. ஆனால் பணம் கொடுக்கும் முன் உங்கள் வீட்டு ஜன்னலின் மேல்பகுதியை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். திரைச்சீலைக் கம்பி மாட்டும் இடம் பெரும்பாலும் லிண்டல். ஜல்லியும் கம்பியும் போட்டு வார்த்த கான்கிரீட் அது.

அங்கே துளை போடும்போது முதல் அரை அங்குலம் பூச்சு சுலபமாக விட்டுக்கொடுக்கும். செங்கல்லாக இருந்தால் அடுத்துச் சிவப்புத் தூள் கொட்டும், வேலை சுலபம். சாம்பல் தூள் வந்து, சத்தம் கீச்சென்று மாறினால் பிட் ஜல்லியில் முட்டிவிட்டது என்று அர்த்தம். சுற்றிக்கொண்டே தட்டவும் செய்யும் ஹாமர் வசதி இல்லாத 12 வோல்ட் பேட்டரி டிரில் அந்த இடத்தில் சும்மா சுற்றும். அழுத்த அழுத்த நுனி சூடேறி மழுங்குமே தவிர உள்ளே இறங்காது.

அதனால்தான் முதல் டிரில்லாக ஒயர் உள்ளதையே சொல்வேன். 500, 600 வாட், 13 மி.மீ. சக், ஹாமர் வசதி இருந்தால் போதும். லிண்டலில் 6, 8 மி.மீ. துளை பொறுமையாகப் போட்டுவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் டிரில் எடுப்பது வருடத்தில் நாலைந்து முறைதான். ஒயர் டிரில் பரணில் எத்தனை மாதம் கிடந்தாலும் பிளக்கைச் செருகியதும் ஓடும். லித்தியம் பேட்டரிக்கோ சார்ஜ் இறங்கிக் கிடப்பதும் ஆகாது, கோடையில் பரணின் வெக்கையும் ஆகாது. அது போய்விட்டால் புதுசுக்குக் கணிசமாகச் செலவாகும். வேறு கம்பெனி பேட்டரி பொதுவாகப் பொருந்தாது.

அலமாரிக் கீல், கட்டில், மர வேலை என்று ஸ்க்ரூ முடுக்குவதே அதிகம் என்றால் பேட்டரி டிரில்தான் சரி. அதிலுள்ள கிளட்ச் வளையம் ஸ்க்ரூ தலை தேயாமல் காப்பாற்றும். ஏணிமேல் நிற்கும்போது காலில் ஒயர் சிக்காது என்பதும் சின்ன விஷயமல்ல. 18 வோல்ட், 20 வோல்ட் என்று இரண்டைக் காட்டினால் குழம்ப வேண்டாம். இரண்டிலும் ஐந்து செல்தான்; முழு சார்ஜில் அளந்தால் 20, சராசரியில் 18. ஹாமர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

கூரைத் தளத்தில் வரிசையாகத் துளை போட இரண்டுமே வேண்டாம். ரோட்டரி ஹாமரை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். எதை எடுத்தாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் கை வைக்காதீர்கள். சுவருக்குள் ஒயர் ஓடுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.