சர்ப்பகந்தியும் நடுங்கும் கைகளும்

பிராட்வேயில் துணிக்கடை நடத்தும் என் தமையனார் மனநோய்க்கு ஹாலோபெரிடால் மாத்திரை சாப்பிடுகிறார். துணி அளக்கும்போது கை நடுங்குகிறது. அதை நிறுத்திவிட்டு, பக்கவிளைவே இல்லாத சர்ப்பகந்தி வேர்ப்பொடி கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, கொச்சி

வேண்டாம் அம்மணி, தம்பியின் தொல்லைக்கு அஞ்சி அண்ணனிடம் அடைக்கலம் புகுவதாகிவிடும். 1931-இல் கல்கத்தாவின் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் அவ்வேரின் குணத்தை எழுதிப் பிரசித்தப்படுத்த, 1952-இல் சுவிட்ஸர்லாந்தின் சீபா கம்பெனியார் அதிலிருந்து பிரித்தெடுத்த ரிஸர்பின் என்னும் சத்துதான், நவீன மனநோய் மருந்துகளின் முதல் தலைமுறையில் ஒன்று. நரம்பு நுனிகளில் சேமித்துள்ள டோபமைன் என்னும் ரசாயனத்தை ரிஸர்பின் வற்றச் செய்கிறது. ஹாலோபெரிடாலோ, அதே டோபமைன் போய்ச் சேரும் வாயிலை அடைக்கிறது. சித்தத்தின் கொந்தளிப்பைத் தணிக்கும் இச்செயலே, அவயவங்களின் அசைவை ஆளும் பகுதியிலும் நிகழ்வதால் கை நடுங்குகிறது. வேர்ப்பொடியிலும் நடுக்கம் உண்டு, போதாக்குறைக்கு ரத்த அழுத்தம் தாழும், மனச்சோர்வு வரலாம், மூக்கும் அடைக்கும் (கொச்சியின் மழைக்காலத்தில் அது தனியாக வேறு வேண்டுமா!).

மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், அடுத்த முறைவரை காத்திராமல், இவ்வாரமே வைத்தியரிடம் அழைத்துச் சென்று, அவர் எதிரிலேயே தமையனாரை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத்து குறுகிக்கொண்டே போவதைக் கண்டால், அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார், அல்லது டிரைஹெக்ஸிபெனிடில் சேர்ப்பார். கடைசியாகச் சொன்னதால் வாய் உலர்ந்து மலம் கட்டக்கூடும் என்பதால், அதை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கழுத்து திருகிக்கொண்டாலோ, கடுஞ்சுரத்தோடு உடல் விறைத்தாலோ மட்டும், கடையை அப்படியே விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.