கேட்டவர்கள் சாட்சி ஆனால்?

க்ரைம் பாட்காஸ்ட் கேட்கிற பழக்கம் இருக்கா? அப்போ ‘தி டீச்சர்ஸ் பெட்’ பெயர் காதில் விழுந்திருக்கும். 2018 மே மாதம் தொடங்கிய ஆஸ்திரேலியத் தொடர். நடத்தியவர் ஹெட்லி தாமஸ், ‘தி ஆஸ்திரேலியன்’ நாளிதழின் மூத்த புலனாய்வு நிருபர்.

வழக்கு பழசு. 1982 ஜனவரியில் சிட்னியின் பேவியூ பகுதியில் இருந்து லினெட் டாசன் காணாமல் போனார். வயது 33, இரண்டு பெண் குழந்தைகளின் அம்மா. கணவர் கிறிஸ் டாசன் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். மனைவி போன் செய்ததாகவும், கொஞ்ச நாள் தனியாக இருக்க விரும்புவதாகவும் சொன்னார். போலீஸில் புகார் கொடுத்ததே சுமார் ஆறு வாரம் கழித்துத்தான். அதற்குள் அவருடைய மாணவியாக இருந்த இளம்பெண் அந்த வீட்டில் குடியேறிவிட்டார். 2001, 2003 என இரண்டு மரண விசாரணைகளும் வழக்குத் தொடரலாம் என்றன. அரசு வழக்கறிஞர் அலுவலகமோ ஆதாரம் போதாது என்றது.

தாமஸ் பழைய ஆவணங்களைப் புரட்டினார், அக்கம்பக்கத்தினரையும் உறவினர்களையும் பேச வைத்தார். புதிய ஆட்கள் முன்வந்தார்கள். 2018 டிசம்பரில் டாசன் கைதானார். தொடருக்கு அந்த ஆண்டின் கோல்ட் வாக்லி விருதும் கிடைத்தது.

இதோட கதை முடிஞ்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா சிக்கலே இனிமேல்தான். லேபில் பக்கத்து பேட்ச்காரன் ரீடிங்கைப் பார்த்துட்டு நம்ம ரீடிங்கை எழுதினா அதுக்கு என்ன மதிப்பு? சாட்சிக்கும் அதே கதிதான். 36 வருடம் பழைய நினைவு; இன்னொருவர் சொன்னதை எபிசோடில் கேட்டபின், எது தான் பார்த்தது, எது காதில் கேட்டது என்று அவருக்கே பிரிக்கத் தெரியாது. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே வேண்டாம்.

2019-ல் விசாரணை கெடக்கூடாது என்று ஆஸ்திரேலியாவில் தொடரையே எடுத்துவிட்டார்கள். 2020-ல் நீதிபதி எலிசபெத் ஃபுல்லர்டன் இந்த விளம்பரத்தைக் கடுமையாக விமர்சித்து, வழக்கைத் தற்காலிகமாக நிறுத்தினார். கொலை வழக்குக்கு அங்கே பொதுவாக 12 ஜூரர்கள் உண்டு. ஊரே தீர்ப்பு சொல்லி முடித்த வழக்குக்கு எங்கே போய் ஜூரி தேடுவது? 2022-ல் நீதிபதி இயன் ஹாரிசன் தனியாக விசாரித்தார்.

சாட்சிகள் சொன்ன எல்லாவற்றையும் அவர் ஏற்கவில்லை. கூலிக்கு ஆள் தேடியதாகச் சொன்ன ஒரு சாட்சியத்தை நிரூபிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மனைவி போன் செய்தார் என்ற பேச்சு பொய் என்று கண்டார். சூழ்நிலைச் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்து ஆகஸ்ட் 30 அன்று குற்றவாளி என்றார். தண்டனை 24 ஆண்டு. 2024-ல் மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது. தாமஸ் இல்லையென்றால் இந்த வழக்கு நீதிமன்றத்தை எட்டியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அவராலேயே அது கவிழவும் இருந்தது.

2018-ல் பேவியூ வீட்டு மண்ணைத் தோண்டியும் ஒன்றும் கிடைக்கவில்லை. உடலை எங்கே வைத்தார் என்று சொல்லாத கொலைக் குற்றவாளிக்குப் பரோல் இல்லை என்று 2022-ல் நியூ சவுத் வேல்ஸ் சட்டம் போட்டது. லினெட்டின் உடல் இன்னும் கிடைக்கவில்லை.