அலைகளைப் பங்கிடுவது எப்படி?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

கைபேசியின் மூலையில் கோடுகள் எல்லாம் நிறைந்து நிற்கின்றன. ஆனால் அழைத்தால் இணைப்புக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பாதிப் பேச்சில் அறுந்து விடுகிறது. திருவிழாக் கூட்டத்திலும், பொதுத் தேர்வு முடிவு வெளியாகும் காலை வேளையிலும் இதை அனுபவிக்காதவர் நம்மில் யார்? "டவர் நிறைய இருக்கிறதே, ஏன் பேச முடியவில்லை?" என்று பெரியவர்கள் அலுத்துக் கொள்வதைக் கேட்டிருப்போம். இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே என் கட்டுரையின் நோக்கம்.

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லி விடுகிறேன். அந்தக் கோடுகள் நம்மை வந்தடையும் அலையின் வலிமையை மட்டுமே காட்டுகின்றன. அதே அலையை எத்தனை பேர் பங்கிட்டுக் கொண்டிருக்கிறார்கள் என்பதை அவை காட்டுவதில்லை. பங்கீடு சரியாக இருந்தால்தான் பேச்சு சரியாக இருக்கும்.

வானொலி அலைகள் ஒளியைப் போன்ற மின்காந்த அலைகளே. அவற்றின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 3,300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 9 சென்டிமீட்டர். இப்படி வரிசையாக அடுக்கிய அதிர்வெண்களின் தொகுப்பையே அலைக்கற்றை என்கிறோம்.

இந்த அலைக்கற்றை ஒரு விசித்திரமான செல்வம். நிலக்கரியையும் பெட்ரோலையும் போல எடுக்க எடுக்கக் குறைவதில்லை. நான் பேசி முடித்த மறுகணமே அந்த அலைவரிசை புத்தம் புதிதாக அடுத்தவருக்குக் கிடைக்கும். ஆயினும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கெடும். இதற்குக் குறுக்கீடு என்று பெயர்.

குறுக்கீடு எவ்வளவு விபரீதமானது என்பதை உலகம் 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு அறிந்தது. டைட்டானிக் கப்பலின் தந்தி இயக்குநர், பயணிகள் தங்கள் உறவினருக்குக் கொடுத்திருந்த செய்திகளை நியூஃபவுண்ட்லாந்திலுள்ள கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்பிக் கொண்டிருந்தார். அக்கால டிரான்ஸ்மிட்டர்கள் மின்பொறியால் இயங்கியவை. ஓர் அலைவரிசையில் அடங்காமல் அக்கம்பக்கத்து அலைவரிசைகளையெல்லாம் நிரப்பி விடும். அருகிலிருந்த கலிஃபோர்னியன் என்ற கப்பல், "பனிக்கட்டிகள் சூழ நின்று விட்டோம்" என்று எச்சரிக்கை அனுப்பியது. அருகில் இருந்ததால் அதன் ஒலி டைட்டானிக் இயக்குநரின் காதில் இடி போல விழுந்து, தொலைவிலிருந்து வந்த மெல்லிய ஒலியை அமுக்கி விட்டது. அவர் எரிச்சலுடன், வாயை மூடும்படி பதில் அனுப்பினார். கலிஃபோர்னியனின் இயக்குநர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, 11.30 மணியளவில் கருவியை நிறுத்தி உறங்கச் சென்றார். 11.40-க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. அதன் அபயக் குரலை அருகிலிருந்த கப்பல் கேட்கவில்லை. வெகு தொலைவிலிருந்த கார்ப்பேத்தியா கேட்டு ஓடி வந்தது. எழுநூறுக்கு மேற்பட்டோர் பிழைத்தனர். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்.

அந்த இயக்குநரை மட்டும் குறை சொல்வது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தச் செய்தி முதலில், எந்தச் செய்தி பிறகு என்ற கண்டிப்பான ஒழுங்கு அன்று இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா சட்டம் இயற்றி, அலைவரிசைகளைப் பிரித்து உரிமம் வழங்கத் தொடங்கியது. பொழுதுபோக்காகச் செய்தி அனுப்பி வந்த அமெச்சூர் வானொலியாளர்களை, 200 மீட்டரும் அதற்குக் குறைவுமான அலைநீளங்களுக்கு ஒதுக்கித் தள்ளியது. அவை உதவாத அலைகள் என்பது அன்றைய எண்ணம். இதைத் தோழியர் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். இன்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலக நாடுகளைக் கூட்டி, கப்பலுக்கு எது, விமானத்துக்கு எது, கைபேசிக்கு எது என்று அலைகளைப் பாகம் பிரிக்கிறது.

இனி தொலைபேசிக்கு வருவோம். 1946-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காரிலிருந்து பேசும் தொலைபேசி வந்தது. நகருக்கு நடுவே ஓர் உயர்ந்த கோபுரம். அதுவே நகரம் முழுவதற்கும் அலை பரப்பும். இதில் ஒரு சங்கடம். ஒருவர் ஓர் அலைவரிசையில் பேசும்போது, நகரில் வேறு எவரும் அதில் பேச இயலாது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல் கூட, நியூயார்க் மாநகரில் இந்த வசதி பெற்றவர்கள் சுமார் 545 பேர்தான். காத்திருந்தவர்களோ 3,700 பேர். அவ்வளவு பெரிய நகரத்துக்கு இருந்தவை 12 அலைவரிசைகளே!

இதற்குத் தீர்வு 1947-லேயே பெல் ஆய்வுக்கூடத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஒரே பெரிய கோபுரத்துக்குப் பதிலாகப் பல சிறிய கோபுரங்களை நிறுத்துவது. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிச் சிறு பகுதிக்கு மட்டும் அலை பரப்புவது. தேன்கூட்டின் அறைகளைப் போன்ற இப்பகுதிகளுக்குச் செல் என்று பெயர். 'செல்போன்' என்ற பெயரும் இதனால் வந்ததே. தேசப்படத்துக்கு வண்ணம் தீட்டும்போது, அடுத்தடுத்த மாவட்டங்களுக்கு ஒரே நிறம் வராதபடி பார்த்துக் கொள்வோம் அல்லவா? அதுபோல அடுத்தடுத்த செல்களுக்கு வெவ்வேறு அலைவரிசை. சில செல்கள் தள்ளி மீண்டும் அதே அலைவரிசை. இவ்வாறு ஒரே அலைவரிசையை ஒரு நகரில் பல முறை பயன்படுத்தலாம். கூட்டம் மிகுந்த இடத்தில் செல்லை இன்னும் சிறிதாக்கலாம்.

இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டில்லிக்குச் சென்றது. பின்னர் இரண்டாம் தலைமுறைச் சேவைக்கு, தொடக்கத்தில் ஒரு நிறுவனத்துக்கு 4.4 மெகாஹெர்ட்ஸ் வழங்கப்பட்டது. (பேசுவதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று என இரட்டையாக.) அதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். ஓர் அலைவரிசைக்கு 0.2 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 4.4-ஐ 0.2-ஆல் வகுத்தால் 22. இந்த 22-ஐ நான்கு கோபுரங்களுக்கு, கோபுரத்துக்கு மூன்று திசை வீதம் 12 பங்காக்கினால், ஒரு திசைக்கு ஏறத்தாழ 2 அலைவரிசை. ஓர் அலைவரிசையைக் காலத்தால் எட்டாகக் கூறு போடுவதால் 16 இடங்கள். இரண்டைக் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு விட்டுவிட்டால் மிஞ்சுவது 14. ஒரு திசையில், ஒரு நிறுவனத்தில், ஒரே நேரத்தில் 14 பேர்தான் பேச முடியும்! பதினைந்தாவது நபரின் கைபேசியிலும் கோடுகள் நிறைந்தே இருக்கும்.

14 இடங்கள் எத்தனை பேருக்குப் போதும்? இதற்கு வழி கண்டவர் ஏ. கே. எர்லாங் என்ற டென்மார்க் கணித மேதை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 1917-இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அதை நம் பள்ளிக்கே பொருத்திப் பார்ப்போம். மதிய உணவு வேளையில் கை கழுவ 14 குழாய்கள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். வரிசையில் நிற்கக் கூடாது. குழாய் காலியாக இல்லையென்றால் திரும்பிப் போய்விட வேண்டும். நூற்றுக்கு இருவர் மட்டுமே ஏமாந்து திரும்ப வேண்டுமானால் எத்தனை பேர் வரலாம்? எர்லாங் கணக்குப்படி, 14 இடங்களில் ஒரு மணி நேரத்தில் வரக்கூடிய மொத்தப் பேச்சு 8.2 மணி. ஒருவர் அந்த நேரத்தில் ஒன்றரை நிமிடம் பேசினால், சுமார் 328 பேருக்குப் போதும்.

இனிமேல்தான் வேடிக்கை. இந்த 14 குழாய்களில் ஏழு பெரிய வகுப்பினருக்கு, ஏழு சிறிய வகுப்பினருக்கு என்று நடுவில் ஒரு சுவர் எழுப்பி விடுவோம். பாதிக்குப் பாதி 164 பேர் வீதம் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் ஏழு இடங்களுக்குச் சூத்திரம் தருவது 2.94 மணிதான். அதாவது ஒரு பக்கத்துக்கு 117 பேர். இரண்டும் சேர்ந்து சுமார் 235. குழாய் ஒன்றும் குறையவில்லை, தண்ணீரும் குறையவில்லை. 93 பேருக்கு உரிய இடம் எங்கே போயிற்று? ஒரு பக்கத்தில் குழாய்கள் சும்மா இருக்கும்போது, மறுபக்கத்தில் பிள்ளைகள் ஏமாந்து திரும்புகிறார்கள். சுவரே அந்த இடத்தை விழுங்கி விட்டது.

நம் நாட்டில் நடந்ததும் இதுவே. 2010-ஆம் ஆண்டையொட்டிப் பல தொலைபேசி வட்டங்களில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்தன. அலைக்கற்றை துண்டு துண்டாகி, ஒவ்வொன்றின் நடுவிலும் சுவர் எழுந்தது. 2008-இல் வழங்கிய 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2 அன்று ரத்து செய்தது. அதற்குக் காரணம் வழங்கிய முறை. சேவையின் தரம் அங்கே வழக்காகவில்லை. பின்னர் பல நிறுவனங்கள் மூடப்பட்டன அல்லது ஒன்றோடொன்று இணைந்தன. அலைக்கற்றைகள் பெரிய துண்டுகளாயின. ஆனால் நிறுவனங்கள் மிகக் குறைந்துவிட்டால் கட்டணத்தைக் கட்டுப்படுத்தப் போட்டி இராதே என்று என் தந்தை கேட்டார். அதுவும் சரிதான். கணக்கு ஒரு பக்கம் இழுக்கிறது. கடைவீதி மறுபக்கம் இழுக்கிறது.

அழைப்பு நடுவில் அறுந்து போவது வேறு கதை. பேருந்தில் போகும்போது ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு நம் பேச்சு கை மாறுகிறது. அங்கே இடம் காலியாக இல்லையெனில் அறுந்து விடும். நூற்றுக்கு இரண்டுக்கு மேல் அறுந்து போகக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வைத்த அளவுகோல். அறுந்த அழைப்புக்கு ஒரு ரூபாய் வீதம், நாளொன்றுக்கு மூன்று அழைப்பு வரை நிறுவனங்கள் ஈடு தர வேண்டும் என்று ஆணையம் 2015-இல் விதி செய்தது. அந்த விதி செல்லாது என்று 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்றைய நான்காம், ஐந்தாம் தலைமுறைச் சேவைகளில் பக்கத்துப் பக்கத்துச் செல்களிலும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்த முடிகிறது. ஆள் கூடினால் கதவடைப்பதற்குப் பதிலாக எல்லோருக்கும் வேகம் குறைகிறது. ஐந்தாம் தலைமுறைக்காக 2022-இல் நடந்த ஏலத்தில் 700, 3,300 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளும், 26,000 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் விற்பனையாயின. தாழ்ந்த அதிர்வெண் நெடுந்தொலைவு செல்லும், சுவரையும் ஊடுருவும். ஆனால் அங்கே இடம் குறைவு. உயர்ந்த அதிர்வெண்ணில் இடம் ஏராளம். ஆனால் ஒரு சுவரோ மரமோ குறுக்கிட்டால் தளர்ந்து விடும். கிராமத்துக்கு முன்னது, நெருக்கமான கடைவீதிக்குப் பின்னது என்று கொள்ளலாம். நம் ஜகதீச சந்திர போஸ் 1890-களில் கல்கத்தாவில் ஆராய்ந்த அலைகள் 5 மில்லிமீட்டர் முதல் 2.5 சென்டிமீட்டர் வரை நீளமுள்ளவை. 26,000 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதாவது போஸ் கையாண்ட அலைகளுக்கு நடுவிலேயே இது இருக்கிறது!

பெற்றோர்களுக்கு இரண்டு செய்திகள். கோபுரம் அருகே வேண்டாம் என்று பலர் அஞ்சுகிறார்கள். கோபுரம் எட்டப் போனால், அதை எட்டுவதற்காக நம் காதருகே உள்ள கைபேசி அதிக வலிமையோடு அலை வீச வேண்டி வரும். கோபுரத்தின் கதிர்வீச்சுக்கு நம் நாடு 2012 செப்டம்பர் முதல் சர்வதேச அளவில் பத்தில் ஒரு பங்கை வரம்பாக வைத்திருக்கிறது. இரண்டாவது, சிக்னல் கூட்டும் கருவியை அனுமதியின்றி வீட்டில் பொருத்துவது. அது ஒரு வீட்டுக்கு நன்மை செய்து, தெரு முழுவதற்கும் குறுக்கீட்டை உண்டாக்கும். டைட்டானிக் இயக்குநரின் காதில் விழுந்த இடியை, இங்கே கோபுரத்தின் காதில் போடுகிறோம். இது சட்டப்படி குற்றமும் ஆகும்.

அவசர காலத்துக்கு மட்டும் சுவர்களில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். 112 என்ற எண்ணை அழைத்தால், நம் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிடினும், அருகில் எந்த நிறுவனத்தின் கோபுரம் இருக்கிறதோ அதன் வழியாக அழைப்பு போகும். வீட்டிலுள்ள தம்பி தங்கையருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கோபுரங்களே சாய்ந்து விட்டால்? 2004 டிசம்பரில் டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் அமெச்சூர் வானொலியாளர் குழு ஒன்று அந்தமானின் போர்ட் பிளேர் நகரில் தங்கி, உலக நாடுகளோடு பேசிக் கொண்டிருந்தது. 26-ஆம் நாள் காலை நிலம் அதிர்ந்தது, ஆழிப்பேரலை வந்தது, தொலைபேசிகள் செயலிழந்தன. அவர் தம் கருவியை மீண்டும் இயக்கி, தீவுகளின் நிலையைப் பெருநிலத்துக்கு அறிவித்தார். யார் யார் உயிரோடிருக்கிறார்கள் என்ற செய்தியை உறவினர்களுக்கு அனுப்பும் பணி அக்குழுவின் மூலம் நாள்கணக்கில் நடந்தது. அதற்கு உதவியவை குறு அலைகள். உதவாதவை என்று 1912-இல் அமெச்சூர்களிடம் தள்ளிவிடப்பட்ட, 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள்.