ஒரு பெயர், இரண்டு மயிலாடும்பாறை: தரவுத்தளங்களைத் தொடர்புபடுத்துவதில் எழும் சிக்கல்

கல்வெட்டுகளுக்கு ஒரு தரவுத்தளமும் அகழாய்வுகளுக்கு வேறொரு தரவுத்தளமும் உருவாக்கி, இரண்டையும் ஊர்ப்பெயரால் இணைப்பது பிழைக்கு இடந்தரும். தேனி மாவட்டத்தில் வைகையின் தலைப்பகுதியில் ஒரு மயிலாடும்பாறை உள்ளது; கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மற்றொன்று. 2022இல் அறிவிக்கப்பட்ட கி.மு. 2172 எனும் இரும்புக்காலக் கணிப்பு பின்னதற்கே உரியது. பெயரை மட்டும் நம்பும் நிரல் அக்காலத்தைத் தேனிக்கு ஏற்றிவிடும். 2006இல் கண்டறியப்பட்ட, தமிழி எழுத்துடைய புலிமான்கோம்பை நடுகற்களும் அதே ஆண்டிபட்டி வட்டத்தவை ஆதலின், இப்பிழை ஐயத்திற்கு இடமின்றி நிலைத்துவிடவும் கூடும்.

ஆகவே ஊர்தோறும் தனி அடையாள எண் வேண்டும். ஒரே தரவுத்தளத்தினுள் அவ்வெண்ணை அயல்திறவுகோலாக அமைத்தால், பட்டியலில் இல்லாத ஊரைச் சுட்டும் பதிவை அத்தரவுத்தளமே மறுத்துவிடும். ஜாங்கோ எனும் வலைச் சட்டகம் பல தரவுத்தளங்களைக் கையாள இடமளிப்பினும், அவற்றைக் கடக்கும் அயல்திறவுகோலை ஆதரிப்பதில்லை. ஒரு தரவுத்தளம் மற்றொன்றன் பதிவுகளைச் சரிபார்க்க இயலாமையே காரணம். அங்கு ஊர் எண்ணை வெறும் எண்ணாகவே சேமித்து, முதல் வினவலில் கிடைக்கும் எண்களைக் கொண்டு இரண்டாம் தரவுத்தளத்தை வினவ வேண்டும். பிரித்தே தீரவேண்டிய தேவை இல்லாதபோது இத்தனை உழைப்பு வீண் என்பது என் கருத்து. பிரித்தபின், ஊர்ப்பதிவு நீக்கப்பட்டும் மறுதளத்தில் எஞ்சி நிற்கும் எண்களைக் கண்டறியத் தனி நிரல் ஒன்று அவ்வப்போது இயங்குதல் வேண்டும்.