வயல் பூங்காவாகலாம், வாய்க்கால் போகக் கூடாது!

மணலி, மாதவரம் பக்கம் பழைய வயல் பூங்காவானால் நல்லதுதானே? நல்லதுதான். ஆனா, அந்தத் தாழ்வான நிலத்தில் மண் கொட்டி மேடாக்கி டைல்ஸ் பதித்தால், அங்கே தேங்க வேண்டிய மழைநீர் உங்கள் தெருவுக்குத்தான் வரும்.

சரியான வழிக்கு நம்ம சென்னையிலேயே உதாரணம் உண்டு. அடையாறு முகத்துவாரம் அருகே கட்டடக் கழிவு கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சீரமைத்து, நீர்ப்பரப்பை மீட்டு, மண்ணுக்கேற்ற மரங்கள் நட்டு, 2011-இல் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது.

உங்கள் பகுதியில் பூங்கா வருகிறதா? கவனியுங்கள்:

1. பழைய வாய்க்கால், குட்டை அப்படியே இருக்கிறதா?
2. நடைபாதை தண்ணீரை உறிஞ்சுமா?
3. புங்கன், பூவரசு, பனை உண்டா?

வாய்க்காலை மூடினால் உடனே போட்டோ எடுங்க. மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லுங்க.