நெகட்டிவ் என்று எழுதும் முன்

முசரவாக்கம்

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. காஞ்சிபுரத்தில் திசுப் பரிசோதனை லேபில் உனக்கு வேலை கிடைத்ததாக அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். அதே வேலையில் தலை நரைத்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன்.

மார்பகப் புற்றுக் கட்டி வந்தால் ஈ.ஆர்., பி.ஆர். பார்ப்பீர்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான் ஹார்மோன்களுக்கான ஏற்பிகள் புற்றணுக்களில் உண்டா என்ற சோதனை அது. 100 புற்றணுக்களில் ஒன்றின் உட்கரு சாயம் பிடித்துப் பழுப்பேறினாலே பாசிட்டிவ். அப்படி வந்தால், டமாக்சிஃபென் மாதிரி மாத்திரையை 5 வருஷம் சாப்பிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு நன்றாகக் குறையும். நெகட்டிவ் என்றால் அந்த மாத்திரையே கிடையாது.

அதனால் நெகட்டிவை மட்டும் சட்டென்று நம்பிவிடாதே. கட்டியைக் கையாண்டதில் தப்பு நடந்தாலும் நெகட்டிவ் வரலாம். உடம்பிலிருந்து எடுத்த 1 மணி நேரத்துக்குள் கட்டி ஃபார்மலினில் விழ வேண்டும். முழுசாகப் போட்டால் உள்ளே ஊறாது. அரை சென்டிமீட்டருக்கு ஒரு கீறல் போட்டு ஊற விடு. 6 மணி நேரத்துக்குக் குறையவும் கூடாது, 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பாட்டில் வரும். கட்டி பெரிசு, பாட்டில் சின்னது, ஃபார்மலின் ஒரு விரல் உயரம், எடுத்த நேரம் எழுதியே இருக்காது. நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்துவிடாமல் அப்போதே ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டு நேரத்தைக் கேட்டு எழுது.

ஸ்லைடில் பழுப்பே தெரியவில்லையா? பக்கத்தில் இருக்கிற நல்ல பால்நாளத்தைப் பார். அதில் சில அணுக்களாவது பழுப்பேறியிருக்க வேண்டும். அதுவும் வெளுத்துக் கிடந்தால், அது நெகட்டிவ் இல்லை. சோதனையே சரியாக நடக்கவில்லை. பட்டில் சாயம் பிடிக்காவிட்டால் நம்மூரில் நூலைக் குறை சொல்லும் முன் சாயத்தொட்டியைத்தானே பார்ப்பார்கள்? மறுபடி செய், அதே கட்டியிலிருந்து வேறு பிளாக் கேள்.

கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில் 1997 முதல் 2005 வரை செய்த இதே சோதனைகளை மறுபடி பார்த்ததில், 300 பேருக்கு மேல் முடிவு மாறிப்போனது. நீதிபதி மார்கரெட் கேமரன் விசாரித்து 2009-ல் அறிக்கை கொடுத்தார். லேபில் ஒழுங்கான தரக்கட்டுப்பாடு இல்லாமல் போனதுதான் அதில் பெரிய குறை.

நீ சோதிக்கும் கட்டி யாருடையதோ, அந்தப் பெண் உன்னைப் பார்க்கவே மாட்டாள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கோ போவாள். சந்தேகம் இருந்தால், டாக்டர் கையெழுத்துப் போடும் முன்பே வாய் திறந்து சொல். திட்டு விழுந்தால் விழட்டும். ரிப்போர்ட் ஒரு நாள் தாமதமாகப் போகலாம். தப்பாகப் போகக் கூடாது.

அன்புடன்,
உன் பெரியம்மா